ஒரு வெட்னரி ஜர்னலோட ஆராய்ச்சிப் போக்கு, சைட்டேஷன் - டேபிள் வந்துடுச்சு, அர்த்தம் எப்படி எழுதுறது?

தமிழ்நிலா:

எல்லாருக்கும் வணக்கம். லைப்ரரி சயின்ஸ்ல பிஹெச்டி பண்றேன். ஒரு வெட்னரி சயின்ஸ் ஜர்னலை எடுத்துக்கிட்டு 2010லேருந்து 2024 வரைக்கும் அதுல என்னென்ன ஆராய்ச்சி வந்திருக்கு, போக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு, எவ்ளோ சைட்டேஷன் (மத்த கட்டுரைங்கள்ல மேற்கோள்) வாங்கியிருக்குன்னு பார்க்குறதுதான் டாபிக். ஸ்கோபஸ்ங்கிற கட்டுரை டேட்டாபேஸ்லேருந்து டேட்டா இறக்கியாச்சு. இதே மாதிரி வந்த பழைய தீசிஸ் சிலதைப் புரட்டினேன், எல்லாத்துலயும் ஒரே வரிசைதான், வருஷவாரி எண்ணிக்கை, ரிலேட்டிவ் குரோத் ரேட், டபுளிங் டைம், டிகிரி ஆஃப் கொலாபரேஷன், லோட்கா விதி, பிராட்ஃபோர்டு விதி, டாப் டென் ஆத்தர், டாப் டென் நாடு, கடைசில விஓஎஸ்வியூவர் சாஃப்ட்வேர்ல போட்ட ஒரு கீவேர்டு மேப். நானும் அதே வரிசைல எல்லாத்தையும் போட்டு முடிச்சுட்டேன்.

இப்ப எழுத உட்கார்ந்தா கை ஓடல. குரோத் ரேட் வருஷா வருஷம் இறங்கிக்கிட்டே போகுது, ஆனா கட்டுரை எண்ணிக்கை ஒண்ணும் குறையல, அப்ப ஜர்னல் தேயுதுன்னு எழுதுறதா? ஒரு கட்டுரைக்கு சராசரி சைட்டேஷன் 2019க்கு அப்புறம் சரசரன்னு விழுது, தரம் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? கீவேர்டு மேப் போட்டா நடுவுல பெருசா வந்து நிக்கிறது நான்ஹியூமன், அனிமல், ஆர்ட்டிகிள், ஃபீமேல்... இதை ஆராய்ச்சிப் போக்குன்னு எப்படி சொல்றது? இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலோட சராசரி சைட்டேஷன் எண்) ஒண்ணரைக்குக் கிட்ட இருக்கு, மெடிக்கல் ஜர்னல் பார்த்துப் பழகின கண்ணுக்கு ரொம்ப கம்மியா தெரியுது, வெட்னரில இது நல்லதா கெட்டதான்னே பிடிபடல. நான் கால்நடை மருத்துவம் படிச்சவ இல்ல. அந்தத் துறைல இருக்கவங்க, பிப்லியோமெட்ரிக்ஸ் (இப்படிக் கட்டுரை, சைட்டேஷன் எண்ணிப் பார்க்குற ஆய்வு) பண்ணினவங்க யாரா இருந்தாலும் கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

எண்கணக்கன்:

முதல்ல அந்த குரோத் ரேட்டை முடிச்சிடுவோம், ஏன்னா அது ஜர்னலைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. வருஷத்துக்கு சரியா 100 கட்டுரை போடுற ஒரு ஜர்னல்னு வச்சுக்கோங்க, ஒண்ணு கூடவும் இல்ல குறையவும் இல்ல. கூட்டுத்தொகை 100, 200, 300, 400ன்னு போகும். ஃபார்முலா எடுக்குறது இந்தக் கூட்டுத்தொகையோட நேச்சுரல் லாக் வித்தியாசத்தை. ரெண்டாவது வருஷம் 0.693 வரும், மூணாவது வருஷம் 0.405, நாலாவது 0.288, பத்தாவது வருஷம் 0.105. டபுளிங் டைம்ங்கிறது, அதாவது கூட்டுத்தொகை ரெட்டிப்பாக எத்தனை வருஷம்ங்கிறது, 0.693ஐ அந்த எண்ணால வகுக்குறது, அது 1, 1.7, 2.4ன்னு ஏறி பத்தாவது வருஷத்துல 6.6 ஆயிடும். ஜர்னல் இருந்த இடத்துலயே இருக்கு, டேபிள் மட்டும் வளர்ச்சி குறையுதுன்னு சொல்லுது. நம்ம எடுத்த முதல் வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணுமே வெளிவரலன்னு கணக்கு ஆரம்பிக்கிறதால வர்ற விளைவு இது, எந்த ஜர்னலைப் போட்டாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். இந்த ஒரு டேபிளை வச்சு "வளர்ச்சி சரிவு"ன்னு முடிவுரை எழுதின தீசிஸ் எத்தனையோ இருக்கு, தயவு செஞ்சு நீங்க அந்த வரிசைல சேராதீங்க. வருஷவாரி எண்ணிக்கையை அப்படியே ஒரு கோடா போடுங்க, பக்கத்துலயே அதே வருஷத்துல ஸ்கோபஸ்ல வெட்னரி பிரிவு மொத்தத்துல எவ்ளோ வந்துச்சுன்னு போடுங்க. துறை எந்த வேகத்துல வளருது, இந்த ஜர்னல் அதோட ஓடுதா பின்தங்குதான்னு அதுல தெரிஞ்சிடும்.

அடுத்தது சைட்டேஷன் விழுறது. 2012ல வந்த கட்டுரைக்கு சைட்டேஷன் சேர பன்னெண்டு வருஷம் கிடைச்சிருக்கு, 2023ல வந்ததுக்கு ஒரு வருஷம். ரெண்டையும் ஒரே தராசுல வச்சா புதுசு தோக்கத்தான் செய்யும். ஸ்கோபஸ்ல சைட்டேஷன் ஓவர்வியூ எடுத்தா ஒவ்வொரு கட்டுரைக்கும் எந்த வருஷம் எத்தனைன்னு பிரிச்சுக் குடுக்கும், அதை வச்சு எல்லாக் கட்டுரைக்கும் ஒரே அவகாசம் குடுங்க, வந்த வருஷமும் அதுக்கப்புறம் மூணு வருஷமும்னு வச்சுக்கலாம். அப்படி வச்சா 2021 வரைக்கும் வந்த கட்டுரையைத்தான் ஒப்பிட முடியும், மிச்சத்தை எண்ணிக்கைக்கும் தலைப்புக்கும் மட்டும் வச்சுக்கோங்க. ஏன் 2021ன்னு ஒரு வரி எழுதிட்டா வைவால யாரும் கேக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, சராசரியை விடுங்க, மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற எண்) எடுங்க. கூடவே அந்த அவகாசத்துல ஒரு சைட்டேஷன்கூட வாங்காத கட்டுரை எத்தனை சதவீதம், உலக அளவுல அந்தத் துறையோட மேல் பத்து சதவீதத்துல வர்ற கட்டுரை எத்தனை சதவீதம், இந்த ரெண்டும். மூணு எண்ணும் சேர்ந்தா படம் தெளிவா வரும். ஸ்கோபஸ் குடுக்குற ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் இம்பாக்ட்டையும் பாருங்க, 1ன்னா உலக சராசரி, துறை வருஷம் கட்டுரை வகை மூணையும் சரிக்கட்டித்தான் அந்த எண் வருது, ஆனா அதுவும் சராசரிதான், ஒரே ஒரு சூடான கட்டுரை மொத்தத்தையும் தூக்கி விட்டுடும்.

டிகிரி ஆஃப் கொலாபரேஷன்... ஒருத்தர் எழுதின கட்டுரை, பலர் எழுதின கட்டுரைன்னு ரெண்டே கூறா பிரிக்கிறது அது. சுப்ரமணியம் 1983ல அதைச் சொன்னப்ப தனியா எழுதுறவங்க நிறைய இருந்தாங்க, இன்னைக்கு வெட்னரில தனியா எழுதுற ஆளே அபூர்வம், எல்லா வருஷமும் 1க்குக் கிட்டதான் வரும். பேசாம ஒரு கட்டுரைக்கு எத்தனை ஆத்தர், எத்தனை கட்டுரைல ரெண்டு நாட்டுக்காரங்க சேர்ந்திருக்காங்கன்னு போடுங்க, அதுல உண்மையிலேயே மாற்றம் தெரியும்.

நூலகர்_செல்வி:

எண்கணக்கன் தம்பி சொன்னதோட முழுசா ஒத்துப் போறேன். கீவேர்டு விஷயத்தை நான் எடுத்துக்கிறேன் ஏன்னா வேலை முக்காவாசி அங்கதான் இருக்கு.

ஸ்கோபஸ் சிஎஸ்வி ஃபைல்ல ரெண்டு நெடுவரிசை இருக்கும் பாருங்க, ஆத்தர் கீவேர்ட்ஸ், இண்டெக்ஸ் கீவேர்ட்ஸ். இண்டெக்ஸ் கீவேர்ட்ஸ்ங்கிறது எம்ட்ரீ, மெஷ் மாதிரி சொற்பட்டியல்லேருந்து டேட்டாபேஸ் ஒட்டுறது. மனுஷ மருத்துவத்துக்கு நான்ஹியூமன்ங்கிற சொல் பிரிச்சுக் காட்ட உதவும், வெட்னரி ஜர்னல்ல எல்லாக் கட்டுரையும் நான்ஹியூமன்தானே, அதான் நடுவுல பெருசா வந்து உட்கார்ந்திருக்கு. விஓஎஸ்வியூவர்ல கோ-ஆக்கரன்ஸ் (எந்தச் சொல் எதோட சேர்ந்து வருது) போடும்போது ஆல் கீவேர்ட்ஸ்னு விட்டிருப்பீங்க, அதை ஆத்தர் கீவேர்ட்ஸ்னு மாத்துங்க, பாதிப் பிரச்சனை அங்கேயே போயிடும்.

மீதி பாதிக்கு, ஒரே பொருள் தர்ற சொற்களைச் சேர்க்கச் சொல்ற தெசாரஸ் ஃபைல் எழுதணும். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், ரெண்டு நெடுவரிசை, ஒண்ணு லேபிள், இன்னொண்ணு ரீப்ளேஸ் பை. கேட்டில், கௌ, கௌஸ், டெய்ரி கௌ, டெய்ரி கேட்டில் எல்லாம் மேப்ல தனித்தனி புள்ளியா நிக்கும், எதை எதோட சேர்க்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். டெய்ரியையும் பீஃபையும் சேர்த்துட்டா ரெண்டு பெரிய ஆராய்ச்சிப் பக்கம் ஒண்ணா கலந்து போயிடும், அதனால கண்ண மூடிக்கிட்டு சேர்க்காதீங்க. ஃபுட் அண்ட் மௌத் டிசீஸ் (கோமாரி) ஹைஃபன் வச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு, எஃப்எம்டின்னு ஒண்ணு, எஃப்எம்டிவின்னு ஒண்ணு. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல டயரியா ஒண்ணு, அமெரிக்கன்ல ஒண்ணு. கிருமிப் பேரு மாறினது இன்னும் மோசம், பாஸ்சுரெல்லா ஹீமோலிட்டிகான்னு இருந்தது 1999ல மன்ஹைமியா ஹீமோலிட்டிகா ஆச்சு, பன்னில வர்ற ஹீமோஃபிலஸ் பராசூயிஸ் 2020ல கிளாசெரெல்லா பராசூயிஸ் ஆச்சு. இதைத் தெரியாம விட்டா பழைய பேரு 2020க்கு அப்புறம் தேயுற மாதிரியும் புதுசா ஒரு கிருமி திடீர்னு கிளம்புற மாதிரியும் படம் வரும், நீங்களும் அதை எமர்ஜிங் டாபிக்னு எழுதிடுவீங்க. அமைப்புப் பேரும் அப்படித்தான், உலக விலங்கு சுகாதார அமைப்பு ஓஐஈன்னு இருந்தது 2022லேருந்து டபிள்யூஓஏஹெச்.

லோட்காவைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 1926ல அவர் பார்த்தது ஒரு துறைல மொத்தமா யாரு எத்தனை எழுதினாங்கன்னு. ஒரே ஒரு ஜர்னலை வெட்டி எடுத்து அதுல ஒருத்தர் ஒரு கட்டுரைதான் போட்டிருக்கார்னா அவர் உற்பத்தி கம்மின்னு ஆகாது, மிச்ச இருபதையும் வேற ஜர்னல்ல போட்டிருப்பார். பிராட்ஃபோர்டு 1934ல சொன்னது ஒரு தலைப்புக் கட்டுரைங்க பல ஜர்னல்ல எப்படிச் சிதறிக் கிடக்குன்னு. ஒரே ஜர்னலுக்கு அதை எப்படிப் போடுறது? போட்டே ஆகணும்னா கட்டுரைக்குக் கடைசில இருக்க ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்குப் போடுங்க. இந்த ஜர்னல்ல எழுதுறவங்க எந்தெந்த ஜர்னலைப் படிச்சு எழுதுறாங்க, வெட்னரிக்குள்ளயே சுத்துறாங்களா, மைக்ரோபயாலஜி, மனுஷ மருத்துவம், எகாலஜி பக்கம் போறாங்களான்னு தெரியும். அது நிஜமாவே ஒரு நல்ல அத்தியாயம் ஆகும்.

டேட்டாபேஸ் பத்தியும் ஒரு வார்த்தை. வெட்னரி இலக்கியம் ஜெர்மன், பிரெஞ்சு, போர்த்துகீஸ், ஸ்பானிஷ்னு நிறைய மொழில இருக்கு. ஜர்னல் எத்தனை உள்ள வருதுன்னு ஒன்பது டேட்டாபேஸை ஒப்பிட்டு 2012ல வந்த ஆய்வுல கேப் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் தான் முதல்ல நின்னுச்சு, வெட்னரி ஜர்னல்ல பத்துக்கு ஒன்பது அதுல இருந்துச்சு. ஸ்கோபஸ்ல சைட்டேஷன் வரலன்னா ஸ்கோபஸ் பார்க்குற இடத்துல வரலன்னுதான் அர்த்தம். முடிஞ்சா ஓப்பன்அலெக்ஸ்ங்கிற டேட்டாபேஸ்லயும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, 2022லேருந்து இருக்கு, காசு கிடையாது, ரெண்டு எண்ணும் எவ்ளோ தள்ளி இருக்குன்னு ஒரு பத்தி எழுதலாம்.

மாட்டுவைத்தியர்:

நான் ஃபீல்டுல இருக்க வெட். அக்காவும் தம்பியும் டேட்டாவைச் சரி பண்ணச் சொல்லிட்டாங்க, அது எல்லாம் சரிதான், ஆனா டேட்டா சுத்தமானதுக்கு அப்புறம் அதை வாசிக்க நோய்களோட வரலாறு தெரியணும்மா. வெட்னரி ஜர்னல்ல போக்குங்கிறது பாதி நேரம் எந்த வருஷம் எந்த நோய் எங்க வெடிச்சுதுங்கிறதுதான்.

மாட்டுக்கு வர்ற லம்பி ஸ்கின் நோயை எடுத்துக்கோங்க. 1929ல ஜாம்பியால முதல்ல பார்த்தது, ரொம்ப காலம் ஆப்பிரிக்காவுக்குள்ளயே சுத்துச்சு, அப்புறம் மத்திய கிழக்கு, 2015ல கிரீஸ், 2019ல இந்தியா, பங்களாதேஷ், சீனான்னு பரவிடுச்சு. அதுவரைக்கும் யாரும் சீந்தாம கிடந்த பழைய கட்டுரைங்களை திடீர்னு எல்லாரும் தேடி எடுத்து மேற்கோள் காட்ட வேண்டி வரும். உங்க ஜர்னல்ல அப்படி ஒரு பழைய கட்டுரை இருந்தா அதோட வருஷவாரி சைட்டேஷனைத் தனியா வரைஞ்சு பாருங்க. ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சலும் இதே கதைதான், 2007ல ஜார்ஜியாவுக்கு வந்துச்சு, 2018 ஆகஸ்ட்ல சீனா. உலகத்துல பாதிப் பன்னிங்க இருந்த நாட்டுக்குள்ள அது போனதுக்கு அப்புறம் ஆராய்ச்சிக்குப் பணமும் ஆளும் எங்கெல்லாம் திரும்பியிருக்கும்னு யோசிங்க, 2019, 2020 கட்டுரைகள்ல அது தெரியுதான்னு பாருங்க.

எதிர்ப்பக்கம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் எழுதுறதே இல்ல. ரிண்டர்பெஸ்ட். மாட்டுக்கு வர்ற வெக்கை நோய்னு சொல்வோமே அதுதான். 2011ல உலகத்துலேருந்தே ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் ஒழிச்சுக்கட்டின ரெண்டாவது நோய் அதுதான். மிச்சம் இருக்க வைரஸ் அனுமதி வாங்கின சில லேபுல பூட்டி வச்சிருக்காங்க, நெனச்ச இடத்துல அதை எடுத்து ஆராய்ச்சி பண்ண முடியாது. அப்ப அந்த கீவேர்டு இறங்கத்தானே செய்யும். படத்துல டிக்ளைனிங் தீம்னு ஒரு மூலைல வரும், ஆனா வெட்னரி சயின்ஸ் சாதிச்சதுலயே பெருசு அதுதான். ஆட்டுக்கு வர்ற பிபிஆர் அதோட நெருங்கின சொந்தம், அதை 2030க்குள்ள ஒழிக்கணும்னு இலக்கு வச்சிருக்காங்க, அந்தப் பக்கம் கோடு ஏறுதான்னு பாருங்க, ரெண்டையும் சேர்த்து வச்சு எழுதினா படிக்கிறவங்களுக்கு விஷயம் புரியும்.

ஆன்ட்டிபயாட்டிக் ரெசிஸ்டன்ஸ் இன்னொரு பெரிய தலைப்பு, வளர்ச்சிக்காக தீவனத்துல ஆன்ட்டிபயாட்டிக் கலக்குறதை ஐரோப்பிய யூனியன் 2006ல முழுசா நிறுத்துச்சு, உங்க 2010-2024க்கு முன்னாடியே அந்தத் திருப்பம் நடந்துடுச்சு, ப்ரோபயாட்டிக் மாதிரி மாத்துத் தீவனக் கட்டுரைங்க எல்லாம் அதோட தொடர்ச்சியா வாசிக்கணும்.

இப்ப சைட்டேஷன் பத்தி என் மனசுல ரொம்ப நாளா இருக்கறதைச் சொல்லிடுறேன். நான் படிக்கிற கட்டுரை எல்லாம் மயக்க மருந்து டோஸ், அபூர்வமா வர்ற ஒரு கேஸ், ஒரு சர்ஜரியை வேற மாதிரி செஞ்சு பார்த்தவங்க என்ன சொல்றாங்கங்கிறது. படிச்சு, மறுநாள் மாட்டுல செஞ்சு பார்த்து, பொழச்சா சந்தோஷம். நான் பேப்பர் எழுதுறதில்ல, அதனால அந்தக் கட்டுரைக்கு என்னால ஒரு சைட்டேஷனும் போய்ச் சேராது. என்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் இருக்கோம். ஒரு கேஸ் ரிப்போர்ட் சைட்டேஷன் பூஜ்யம்னு டேபிள்ல நிக்கும், அதை வச்சு எத்தனை உயிர் பொழச்சுதுன்னு எந்த டேபிளும் சொல்லாது. நாட்டோட நோய்க் கட்டுப்பாட்டு வழிமுறை, டபிள்யூஓஏஹெச்சோட டயக்னாஸ்டிக் மேனுவல், இதுக்குள்ள எல்லாம் ஆராய்ச்சி போய்ச் சேருது, அதையும் ஸ்கோபஸ் எண்ணிப் பார்க்குறதில்ல.

இன்னொரு பக்கம், படிக்காமலே மேற்கோள் காட்டுறதும் நிறைய. புதுசா வர்ற நோய்ல 75 சதவீதம் விலங்குலேருந்து வருதுன்னு எத்தனை வெட்னரி கட்டுரையோட முதல் பத்தில பார்த்திருப்பீங்க. அது 2001ல வந்த ஒரு கணக்கெடுப்பு, மனுஷனைத் தாக்குற 1415 நோய்க்கிருமியைப் பட்டியல் போட்டு, அதுல புதுசா தலையெடுக்குற 175ஐ மட்டும் பிரிச்சுப் பார்த்து, அந்த 175ல 75 சதவீதம்னு சொன்னது. 1415 மொத்தத்துக்கும் பார்த்தா 61 சதவீதம். ரெண்டையும் மாத்திப் போடுற கட்டுரையும் இருக்கு. சைட்டேஷன் எண்ணிக்கைல இதுவும் ஒண்ணு, ஒரு கண்டுபிடிப்பை எடுத்து அடுத்த படி போனவரோட மேற்கோளும் ஒண்ணு.

தமிழ்நிலா:

அண்ணா, அக்கா, சார் எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ரிண்டர்பெஸ்ட் விஷயம் படிச்சப்ப உடனே மேப்பைத் திறந்து பார்த்தேன், சார் சொன்ன மாதிரி ஓரத்துல சின்னதா இருக்கு, நான் அதைக் கழிச்சுக் கட்டப் பார்த்தேன்.

இம்பாக்ட் ஃபேக்டர் மட்டும் யாரும் தொடலையே. கைடு அதைத்தான் முதல் அத்தியாயத்துல வைக்கச் சொல்றார், 2010லேருந்து 2024 வரைக்கும் ஒரு கோடா போடச் சொல்றார். ஜர்னல் கோடு 2020ல துள்ளி ஏறுது, அப்புறம் இறங்குது. இதுக்கு என்ன காரணம்னு எழுதுறது?

ஆசிரியர்குழு:

ஒரு வெட்னரி ஜர்னல்ல அசோசியேட் எடிட்டரா இருக்கேன், இந்தக் கேள்வி எங்க மீட்டிங்ல ஒவ்வொரு ஜூன் மாசமும் வரும், அதனால விரிவாவே சொல்றேன்.

2024க்கான இம்பாக்ட் ஃபேக்டர்னா, 2022லயும் 2023லயும் ஜர்னல்ல வந்ததுக்கு 2024ல கிடைச்ச சைட்டேஷனை, அந்த ரெண்டு வருஷத்துல வந்த ஆர்ட்டிகிள், ரிவ்யூ எண்ணிக்கையால வகுக்குறது. மேல எல்லாமே எண்ணுவாங்க, எடிட்டோரியல், லெட்டர் இதுக்கெல்லாம் வந்த சைட்டேஷனும் சேரும், கீழ ஆர்ட்டிகிளும் ரிவ்யூவும் மட்டும்தான். 200 கட்டுரை, 300 சைட்டேஷன், 1.5 வந்துச்சுன்னு வைங்க. அந்த 300ல 100 ஒரே ஒரு ரிவ்யூவுக்கு வந்ததுன்னா, அந்த ஒண்ணை எடுத்துட்டா மிச்ச 199 கட்டுரைக்கு 200 சைட்டேஷன்தான், கஷ்டப்பட்டு 1ஐத் தொடும். பெர் செக்லன் 1997ல பிஎம்ஜேங்கிற மெடிக்கல் ஜர்னல்ல எழுதினது இதைத்தான், ஒரு ஜர்னல்ல மேல இருக்க 15 சதவீதக் கட்டுரையே பாதி சைட்டேஷனை வாங்கிடுதுன்னு. தம்பி மீடியன் எடுக்கச் சொன்னதுக்கு காரணம் இதுவே.

வெட்னரிக்கு ரெண்டு வருஷம்ங்கிறது ரொம்பக் குறைச்சல். ஒரு கன்னு பிறந்து, வளர்ந்து, ஈன்று, ஒரு கறவைக் காலம் முடிஞ்சாத்தான் பதில் தெரியுற ஆராய்ச்சி இருக்கு. இன்னைக்கு வந்த கட்டுரையைப் படிச்சு அதை வச்சு இன்னொருத்தர் சோதனை செஞ்சு எழுதி அது அச்சுல வர்றதுக்குள்ள அந்த ரெண்டு வருஷ ஜன்னல் மூடிடும். இம்பாக்ட் ஃபேக்டரை வருஷா வருஷம் வெளியிடுற ஜேசிஆர் அறிக்கைல சைட்டட் ஹாஃப் லைஃப்னு ஒரு எண் இருக்கும், பழைய வெட்னரி ஜர்னல் பலதுல அது பத்து வருஷத்துக்கு மேல, அதாவது இன்னைக்கு அந்த ஜர்னலுக்கு வர்ற சைட்டேஷன்ல பாதிக்கு மேல பத்து வருஷத்துக்கு முந்தின கட்டுரைக்கு வருது. இந்த எண்ணை நிச்சயம் உங்க தீசிஸ்ல போடுங்க, அஞ்சு வருஷ இம்பாக்ட் ஃபேக்டரையும் பக்கத்துல வைங்க. துறையும் சின்னது, எழுதுறவங்க கம்மி, ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் பல சமயம் சின்னது, அதனால மெடிக்கல் ஜர்னலோட எண்ணை எண்ணா ஒப்பிடவே கூடாது. வெட்னரி சயின்சஸ் கேட்டகரிக்குள்ள எந்த குவார்ட்டைல் (ஜர்னல்களைத் தரவரிசைல நாலு கூறா பிரிச்சா எந்தக் கூறு), அந்த குவார்ட்டைல் பதினஞ்சு வருஷத்துல மாறுச்சான்னு பாருங்க. வெட்னரிக்குள்ளயும் மாட்டு மைக்ரோபயாலஜி ஜர்னலும் மயக்க மருந்து ஜர்னலும் ஒண்ணு இல்ல, படிக்கிற எழுதுற கூட்டமே வேற அளவு.

2020 துள்ளலுக்கு வருவோம். 2021 ஜூன்ல வந்த ஜேசிஆர்லேருந்து எர்லி ஆக்சஸ் கட்டுரையையும் கணக்குல சேர்க்க ஆரம்பிச்சாங்க, இஷ்யூல சேராம ஆன்லைன்ல மட்டும் வந்த கட்டுரைக்குள்ள இருந்த மேற்கோளும் மேல எண்ணிக்கைல சேர்ந்துச்சு, அதனால எல்லாத் துறைலயும் நிறைய ஜர்னலுக்கு அந்த வருஷம் ஏறுச்சு. கூடவே கோவிட். கொரோனா வைரஸை பூனை, நாய், கோழி, மாடுன்னு பல வருஷமா ஆராய்ஞ்சது வெட்னரிக்காரங்கதான், அந்தக் கட்டுரைகளுக்கு 2020, 21ல புதுசா வாசகர் வந்தாங்க. உங்க ஜர்னலோட துள்ளல் எதனாலங்கிறதை ஊகிக்க வேண்டாம், 2018, 2019 கட்டுரைகளை எடுத்து 2020ல யாருக்கு எத்தனை வந்துச்சுன்னு இறங்குவரிசைல போடுங்க. மேல அஞ்சாறு கட்டுரை மட்டும் உப்பியிருந்தா தலைப்பு காரணம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தா கணக்குமுறை காரணம். 2023 வெளியீட்டுலேருந்து இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே ஒரு தசம இடம்தான், முன்னாடி மூணு இடம், கோடு வரையும்போது அதையும் கவனிங்க. சைட்ஸ்கோரும் (இம்பாக்ட் ஃபேக்டர் மாதிரி ஸ்கோபஸ் குடுக்குற எண்) போடப் போறீங்கன்னா 2020ல அதோட முறை மாறி நாலு வருஷக் கட்டுரைக்கு அதே நாலு வருஷ சைட்டேஷன்னு ஆயிடுச்சு, பழைய பிடிஎஃப்லேருந்து எண்ணை எடுக்காம இப்ப ஸ்கோபஸ் சோர்சஸ் பக்கத்துல இருக்கறதை எடுங்க.

ஜர்னலோட செல்ஃப் சைட்டேஷன் எத்தனை சதவீதம்னும் பாருங்க. சின்னத் துறைல ஓரளவு இருக்கறது இயல்பு, ரொம்ப மீறினா ஜேசிஆர் அந்த வருஷத்துக்கு அந்த ஜர்னலுக்கு எண்ணே குடுக்காது. அப்புறம் 2011ல அனிமல்ஸ், 2014ல ஃபிரான்டியர்ஸ் இன் வெட்னரி சயின்ஸ்னு ஓப்பன் ஆக்சஸ்ல பெரிய அளவுல கட்டுரை போடுற ஜர்னல்கள் வந்தது உங்க காலகட்டத்துக்குள்ளதான், முன்னாடி உங்க ஜர்னலுக்கு எழுதினவங்க அங்க போனாங்களா, டாப் ஆத்தர்ஸ் பேரை வச்சுத் தேடினா தெரியும். எடிட்டர் போர்டு மாறினது, கேஸ் ரிப்போர்ட் வாங்குறதை நிறுத்தினது, கட்டுரை போட எழுதுறவங்க கட்டுற ஏபிசி கட்டணம் வந்தது, இது மூணும் எந்த வருஷம்னு ஜர்னலோட பழைய எடிட்டோரியல்ல இருக்கும், டேட்டாவைத் தொடுறதுக்கு முன்னாடி அதைப் படிங்க. கேஸ் ரிப்போர்ட்டை நிறுத்தினாலே இம்பாக்ட் ஃபேக்டர் ஏறும், தரம் ஏறிடுச்சுன்னு எழுதிடக் கூடாது.

எண்கணக்கன்:

சார் சொன்னதுல ஒரே ஒரு இடத்துல எனக்கு வேற கருத்து. குவார்ட்டைல் வேண்டாம்னு நினைக்கிறேன். 2023 வெளியீட்டுலேருந்து எமர்ஜிங் சோர்சஸ்ங்கிற தனி லிஸ்ட்ல இருக்க ஜர்னல்களுக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் குடுக்க ஆரம்பிச்சு, 2024 வெளியீட்டுலேருந்து அதுங்களையும் அதே தரவரிசைல சேர்த்ததால கேட்டகரில இருக்க ஜர்னல் எண்ணிக்கையே மாறிப் போச்சு, அதனால நம்ம ஜர்னல் ஒண்ணும் செய்யாமலே குவார்ட்டைல் மேல போகும் கீழ வரும். அதுக்குப் பதிலா பர்சென்டைல் (எத்தனை சதவீத ஜர்னல் நமக்குக் கீழ இருக்கு) போடலாம், அதுலயும் அதே சிக்கல் கொஞ்சம் இருக்கு ஆனா எல்லைக்கோட்டுத் தாவல் இருக்காது.

ஆசிரியர்குழு:

உண்மை, பர்சென்டைலே நல்லது. ஆனா அவங்க கைடும் எக்ஸாமினரும் குவார்ட்டைல்னு கேப்பாங்க, ரெண்டையும் போட்டு இந்த மாற்றத்தை ஒரு வரில எழுதிடட்டும். ஆராய்ச்சியை மதிப்பிடுறது பத்தின டோரா அறிக்கை 2012லயே சொல்லிடுச்சு ஜர்னல் எண்ணை வச்சு தனி ஆளோட ஆராய்ச்சியை எடை போடாதீங்கன்னு. உங்க தீசிஸ் ஜர்னலைப் பத்தினதுங்கிறதால இம்பாக்ட் ஃபேக்டர் போடுறது தப்பில்ல, டாப் டென் ஆத்தர் டேபிள்ல மட்டும் அதைக் கொண்டு போய் ஒட்டாதீங்க.

தமிழ்நிலா:

புரியுது சார். இம்பாக்ட் ஃபேக்டர் கோட்டை முதல் அத்தியாயத்துலயே வைக்கிறேன், ஆனா அந்த இறங்குவரிசைப் பட்டியலோட. லோட்காவை எடுத்துட்டு ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்கு பிராட்ஃபோர்டு போடலாம்னு கைடுகிட்ட கேக்குறேன். கடைசியா ஒரு சந்தேகம், வெட் சார் சொன்ன அந்த சைட்டேஷன் வாங்காத ஆனா பயன்படுற கட்டுரை, அதை எப்படியாச்சும் காட்ட முடியுமா? இல்ல ஆய்வோட எல்லைன்னு ஒரு பத்தியோட விட்டுடணுமா?

நூலகர்_செல்வி:

முழுசா முடியாதும்மா, கொஞ்சம் முடியும். ஜர்னல் சைட்ல ஒவ்வொரு கட்டுரைக்கும் டவுன்லோட் எண்ணிக்கை காட்டினா அதை எடுத்து சைட்டேஷனோட பக்கத்துல போடுங்க, டவுன்லோட் நிறைய சைட்டேஷன் இல்லாத மூலைல என்ன வகைக் கட்டுரை நிக்குதுன்னு பாருங்க. பாலிசி டாக்குமென்ட்ல வர்ற மேற்கோளுக்கு ஓவர்டன்னு தனி டேட்டாபேஸ் இருக்கு, உங்க லைப்ரரில சந்தா இருக்கான்னு கேளுங்க.

மாட்டுவைத்தியர்:

டபிள்யூஓஏஹெச் டெரஸ்ட்ரியல் மேனுவல் ஆன்லைன்ல இலவசமா கிடைக்குது, நோய்க்கு ஒரு அத்தியாயம், ஒவ்வொண்ணு கடைசிலயும் ரெஃபரன்ஸ் இருக்கும். எல்லாத்தையும் பார்க்க வேண்டாம், உங்க ஜர்னல்ல அதிகமா வந்த நோய் அஞ்சை மட்டும் எடுத்து அந்த அத்தியாயங்கள்ல உங்க ஜர்னல் பேரு வருதான்னு தேடுங்க. கையால தேடுற வேலைதான், ஆனா லேப்ல ஒரு டெஸ்ட் எப்படிச் செய்யணும்னு உலகம் முழுக்கப் பார்க்குற புத்தகம் அது, அதுல ஒரு கட்டுரை இடம் பிடிச்சிருந்தா ஸ்கோபஸ்ல அதுக்கு எத்தனைன்னு பக்கத்துலயே எழுதுங்க.

தெசாரஸ் ஃபைல் போட்டு முடிச்சதும் இங்க ஒட்டுங்கம்மா. எந்த நோய்ப் பேரை எந்தக் கிருமிப் பேரோட சேர்க்கலாம், எதைத் தனியா விடணும்னு நான் பார்த்துச் சொல்றேன்.